மலைக் கோவில் வாசலில் கழற்றிய சப்பாத்து

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செப்டம்பர் மாதம், சுவிஸில் ஒரு மலைக் கிராமத்தில் இது நடந்தது. நானும் மனைவியும் லண்டனில், பிளேஸ்டோவில் இருக்கிறோம். லொறியிலிருந்து கடைகளுக்குச் சாமான் இறக்குவது என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. மனைவி எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

அவளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து இடது கால் மற்றதை விடக் கட்டையாகிவிட்டது. அந்தக் காலின் சப்பாத்துக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல் தடிப்பில் அடி வைத்துத் தந்திருந்தார்கள். அது இல்லாமல் நாலு எட்டு நடக்க மாட்டாள். ஒன்றரை வருடம் காத்திருந்து ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. அதற்கு முன் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி வைத்தாள். சுவிஸில் இருக்கும் அவள் தம்பி இந்த மலைக் கோவிலைப் பற்றி முன்பே சொல்லியிருந்தான். அங்கேதான் போகவேண்டும் என்று நின்றாள். போனோம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பும் விமானம். திங்கள் காலை லண்டனில் இரத்தம் சோதிக்கப் போகவேண்டும். போகாவிட்டால் திகதி போய்விடும், திரும்பவும் வரிசையின் கடைசி.

அந்த ஞாயிறு பகல்தான் கோவிலுக்குப் போனோம். அன்று அவள் தம்பிக்கு, என் மச்சானுக்கு, ரெஸ்டோரண்டில் வேலை. காலையில் எங்களை ரயில் ஏற்றிவிட்டான்.

"அத்தான், மூண்டு நாப்பதுக்குக் கடைசி பஸ். அதை விட்டால் பிளேனையும் விட்டமாதிரித்தான். இஞ்சத்தை பஸ் ஒருத்தருக்கும் நிக்காது."

நாங்கள் ரயிலால் இறங்கி, பஸ் எடுத்து மேலே போய்ச் சேரும்போது நல்ல மழை. மலை ஒன்றும் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு மர வீடுகள், மாட்டுப்பட்டி, சின்னக் கோவில். அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள்.

எங்கள் ஊர் மன்னாரில் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். லண்டன் குளிருக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிற்று. ஆனால் நேர்த்தி என்றால் மனைவி விடமாட்டாள்.

"மாதாவுக்கு முன்னாலை சப்பாத்தோடையே போறது? கழட்டுங்கோ."

இரண்டு சோடியையும் வாசற்படியில் வைத்தோம். என் தோளில் சாய்ந்து இரண்டு மூன்று எட்டில் பின்வரிசை மர வாங்கில் போய் இருந்தாள். உள்ளே வேறு யாரும் இல்லை. மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை முழுதும் சொன்னாள். நான் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் வாசலில் யாரோ நடமாடியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் சப்பாத்துகள் இல்லை.

நேரம் மூன்று பத்து. கதவில் ஒரு துண்டுக் கடதாசி செருகியிருந்தது. அந்த மொழி எனக்குத் தெரியாது. கோவில் அறிவித்தலாக்கும் என்று விட்டுவிட்டேன். மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், இஞ்சை ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம். லண்டன் எண்டு நினைச்சியளோ?"

"அப்ப சப்பாத்துக்குக் கால் முளைச்சுதோ?"

"வடிவாப் பாருங்கோ. நான் அடுப்படியிலை நிக்கிறன்." வைத்துவிட்டான்.

மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நீங்கள் போய்ப் பாருங்கோ, நான் நிப்பன்" என்றாள்.

சுற்றிவர ஒரே ஒரு மனிதர்தான். மழை வெள்ளம் ரோட்டுக்கு வராமல் மண்வெட்டியால் தண்ணீர் ஓடும் கானை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தாடி, அழுக்கு மழைக்கோட்டு. பக்கத்தில் ஒரு பெரிய பை, உப்பிப்போய்.

வெறுங்காலோடு இறங்கிப் போனேன். என் காலைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. பிறகு அவருடைய பையைக் காட்டினேன். அது விளங்கியது.

அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் குனிந்து பையைத் திறந்து காட்டினார். பாண், ஒரு போத்தல், மாற்றிப் போட ஒரு காய்ந்த சேட்டு.

லண்டனில் கடைக் காவலாளி என் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே செய்தேன்.

அவர் கோபப்படவில்லை. என்னோடு கோவில் வாசலுக்கு வந்தார். கதவில் இருந்த கடதாசியை எடுத்து வாசித்தார். சிரித்தார். பக்கத்து வீட்டைக் கைகாட்டிவிட்டு, அவரே போய்க் கதவைத் தட்டினார்.

ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், இரண்டு சோடிச் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்திருந்தது. கூரையையும் சப்பாத்தையும் கைகாட்டி விளங்கப்படுத்தினாள்: கூரைத் தண்ணீர் எல்லாம் சப்பாத்துக்குள் விழுந்ததாம். கொண்டுபோய் அடுப்படியில் காயவைத்திருக்கிறாள். கைகூப்பிக் காட்டினாள், எங்கள் செபத்தைக் குழப்பக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் கடதாசியை ஒரு படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

மனைவி காலை விட்டுப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, சுடச்சுட இருக்கு" என்றாள். சிரித்தாள். அன்று முழுவதும் அப்போதுதான் சிரித்தாள்.

மூன்று முப்பத்தைந்து. பஸ் நிற்கும் இடம் கீழே. அவளால் ஓட முடியாது. தாடிக்காரர் எங்களைப் பார்த்தார், பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தார். மண்வெட்டியோடு கீழே ஓடினார். நாங்கள் அந்தப் பெண் பிடித்த குடைக்குள் ஒவ்வொரு எட்டாக இறங்கினோம். வளைவு திரும்பினால் பஸ் நின்றுகொண்டிருக்கிறது. முன்னால், நடு ரோட்டில் அவர். சாரதி ஏதோ கத்துகிறான். அவர் அசையவில்லை.

ஏறும்போது அவர் கையைப் பிடித்தேன். மன்னிப்பு என்ற சொல் அவர் மொழியில் எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தோளில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிவிட்டார்.

பஸ் வெளிக்கிடும்போது மூன்று நாற்பத்திமூன்று.

விமானத்தைப் பிடித்தோம். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இன்று அவளுக்கு இரண்டு காலும் ஒரே அளவு. ஈஸ்ட் ஹாமுக்குச் சாமான் வாங்கத் தனியே போய் வருகிறாள். சாதாரணச் சப்பாத்துத்தான்.

இப்போதும் வேலை இடத்தில் ஏதாவது காணாமல் போனால் என் கண் முதலில் பக்கத்தில் நிற்கிறவனின் பைக்குத்தான் போகிறது. ஆனால் அந்த மழை நாளுக்குப் பிறகு அந்தப் பையைக் காட்டக் கை நீண்டதில்லை.