லூப்பைக் கால் சுற்று திருப்பிய நாள்

தஞ்சாவூரில் வயர்லெஸ் செட் பழுதுபார்ப்பவன் நான். அன்று திருத்துறைப்பூண்டியில் வேறு வேலையாக இருந்தபோது போன் வந்தது. பேசியவர் சித்ரா. வேதாரண்யம் பக்கத்து மீனவக் கிராமத்தில், கரையிலிருக்கும் வயர்லெஸ் அறையிலிருந்து படகுகளோடு பேசுவது அவர் வேலை.

"சார், உடனே வாங்க. காத்து ஏறுது, எல்லாரையும் திரும்பச் சொல்லி எச்சரிக்கை வந்துடுச்சு. பக்கத்துல நின்ன படகெல்லாம் கேட்டுட்டு வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு தூரத்துல இருக்காரு. பதிலே இல்ல சார்."

வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதல் நாள்தான் கம்பத்தின் உச்சியில் புது லூப் ஆன்டெனா, அதாவது சதுரமாக வளைத்த கம்பிச் சட்டம், மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் ஊர் கேபிள் டிவிக்காரர் முருகேசன். ஒரு காலத்தில் இலங்கை டிவி பிடித்துக் கொடுப்பதில் அந்தக் கரையில் அவரை அடிக்க ஆளில்லை.

"லூப்பு கடலைப் பாத்துதான் சார் நிக்குது. செட்டுதான் போச்சு" என்றார்.

வேலை சுத்தம்தான். ஆனால் டிவிக்குக் கொடுப்பதுபோல, சதுரச் சட்டத்தின் கீழ்ப்பக்க நடுவில் கேபிளை இணைத்திருந்தார்; அந்த இணைப்பைத்தான் ஃபீட் என்போம். அதைப் பார்த்ததுமே எனக்குச் சங்கதி புரிந்துவிட்டது. இருந்தாலும் சோதிக்காமல் சொன்னால் முருகேசன் விடமாட்டார்.

சித்ராவை விடாமல் பேசச் சொல்லிவிட்டு, கையில் பிடிக்கும் சின்ன வயர்லெஸ் செட்டோடு கரையோரமாக வெகுதூரம் நடந்தேன். ஏரியலை நிமிர்த்திப் பிடித்தால் வெறும் இரைச்சல். படுக்கவைத்தால் குரல் மணிமணியாக வந்தது.

திரும்பி வந்து சொன்னேன்: "முருகேசன், கீழ ஃபீட் குடுத்தா அலை படுக்கையா போவும். டிவிக்கு அது சரி. படகுல ஏரியல் நட்டுக்கிட்டுல்ல நிக்குது? பக்கத்துப் படகுக்கு எப்படியோ கேக்கும், தூரத்துக்கு எட்டாது. ஃபீட் பக்கவாட்டுக்கு வரணும்."

"அப்ப லூப்பு கடலைப் பாக்காதுங்களே?"

"மூஞ்சி கடலையே பாக்கட்டும். ஸ்டியரிங் திருப்புற மாதிரி கால் சுத்து சுத்துங்க, போதும்."

முனகிக்கொண்டே கம்பத்தில் ஏறி லூப்பைத் திருப்பினார். கேபிள் சட்டத்தை ஒட்டித் தொங்காமல் விலகி வரும்படி கட்டினார்.

சித்ரா மைக்கை அழுத்திக் கூப்பிட்டார். உடனே பதில் வந்தது, கோபமாக.

"காலைலேருந்து ஒரு சத்தத்தக் காணும். தூங்கிட்டியா?"

விடியற்காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது சித்ராவுக்கு. "திட்டுறத கரைக்கு வந்து திட்டுங்க. வலைய எடுத்துட்டு உடனே திரும்புங்க" என்றவர் மைக்கை வைத்துவிட்டு அழுதார்.

ஆன்டெனா மாட்டப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். லூப் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதோடு வேலை முடிவதில்லை. எதிர்முனையில் ஏரியல் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கேற்ப ஃபீடை வைத்துவிட்டு நட்டை முடுக்குங்கள்.

சாயங்காலம் படகு கரையேறியது. வந்தவர், சித்ரா சொன்னபடியே, கரையில் நின்று திட்டவும் செய்தார். சித்ரா முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.