திரும்பி வரக்கூடாத தட்டு

என் கணவரின் அக்காவை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மச்சாள் என்ற உறவில் கேலியும் செல்லமும் இருக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்த மச்சாளிடம் இருந்ததெல்லாம் குறை கண்டுபிடிக்கும் இரண்டு கண்களும், என் சமையலறை அலுமாரிகளைக் கேட்காமல் திறக்கும் இரண்டு கைகளும்தான்.

ஒஸ்லோவில் ஹொல்ம்லியாவில் நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தில் அவர் தனியாக இருந்தார். அவருடைய கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் லண்டனில். என் கணவரை நோர்வேக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். அந்த உரிமையில் எங்கள் வீட்டு மணியை அழுத்த அவருக்கு நேரம் காலம் கிடையாது. ஆனாலும் சும்மா வரமாட்டார், அது அவருக்கு மரியாதைக் குறைவு. வருவதற்கு ஒரு காரணம், ஒரு சாட்டு வேண்டும். அந்தச் சாட்டுக்குப் பெயர் எவர்சில்வர் சட்டி.

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஒரு வீட்டிலிருந்து கறியோ பலகாரமோ சட்டியில் வந்தால் அந்தச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை மச்சாளின் மீன்குழம்பு வரும். நான் சட்டியைக் கழுவி, அதில் என்ன போடலாம் என்று யோசிப்பதற்குள் அவரே வந்து நிற்பார்.

"எங்கை என்ரை சட்டி?"

எடுத்துத் தருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேல் அலுமாரி, கீழ் அலுமாரி, சிங்குக்கு அடியில் என்று எல்லாக் கதவும் திறந்துவிடும். அவருடைய பாத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். ஊர்க் கடையில் புள்ளிபுள்ளியாக வெட்டிய முதலெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகத்தில். கவிழ்த்து வைத்தால் என் சமையலறை முழுக்க அவருடைய பெயர்தான். கலியாணம் கட்டி வந்த வீட்டில் என் பெயர் ஒரு கரண்டியில்கூட இல்லை.

அப்படித் தேடியபோதுதான் ஒரு நாள் கடைத்தூள் பெட்டி அகப்பட்டது. ஊரில் போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலம் அது. பாதை திறந்து, ஊருக்குப் போய்வருகிறவர்கள் எல்லாரும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைப் பை பையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு வந்த தூள் முடிந்துவிட்டது. வேலையால் வரும் வழியில் ஒரு பெட்டி இந்தியத் தூள் வாங்கி வைத்திருந்தேன். மச்சாள் அதை ஏதோ செத்த பிராணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில், பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னார்.

"என்ரை தம்பிக்குக் கடைத்தூளிலைதான் கறி. பாவம், அவன் வாய் திறக்கமாட்டான்."

என் மானம் கப்பலேறியது. அன்றைக்கு முடிவெடுத்தேன், இந்த மனுசியை என் கதவுக்கு வெளியே நிறுத்தவேண்டும் என்று. சண்டை பிடித்து நிறுத்த முடியாது. என் கணவர் அக்காவின் பக்கம் நிற்பார், சனம் முழுக்க அவரோடு நிற்கும். அவர் வருகிற அந்தச் சட்டிச் சாட்டைத்தான் பிடுங்கவேண்டும்.

வழி காட்டியது நான் வேலை செய்த பார்னஹாகே, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், நெருங்கும்போது அங்கே பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்வோம். அந்த வருடம் என்னோடு வேலை செய்த நோர்வேக்காரி, சிவப்பும் வெள்ளையும் வரிபோட்ட மின்ற் இனிப்புகளைப் பேக்கிங் தாளில் வட்டமாக, ஒன்றையொன்று முட்டும்படி அடுக்கி ஓவனில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் உருகி ஒரே வட்டமாகிவிட்டது. சூடு சற்று அடங்க, அந்த வட்டத்தைத் தூக்கி, எண்ணெய் பூசிக் கவிழ்த்து வைத்த கோப்பை ஒன்றின் மேல் போட்டாள். அது துணிபோலத் தொய்ந்து, பிறகு கண்ணாடிபோல இறுகியது. கழற்றினால் தட்டு.

"உள்ளே இருப்பதைத் தின்று முடித்துத் தட்டையும் தின்னலாம்," என்று சிரித்தாள். "கழுவவும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்."

அவள் பகிடிக்குச் சொன்னாள். எனக்கு மூளையில் வெளிச்சம் அடித்தது.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய் அதே இனிப்பில் நாலைந்து பை வாங்கிவந்தேன். முதல் தட்டு ஓவனில் கொதித்து நுரைத்துக் கருகி, புகையெச்சரிக்கை கத்தத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்த என் மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். இரண்டாவது, எண்ணெய் பூச மறந்ததில் கவிழ்த்த கோப்பையோடு ஒட்டிக்கொண்டு கழலவே இல்லை, உடைத்தெடுத்தேன். மூன்றாவதற்கு எவர்சில்வர் சட்டியைக் கவிழ்த்து நல்லெண்ணெய் பூசினேன். நோர்வேக்காரி பூசிய எண்ணெய் எதுவென்று நான் பார்க்கவில்லை, என் கை போனது நல்லெண்ணெய்ப் போத்தலுக்குத்தான். தட்டு அழகாகக் கழன்று வந்தது. மின்ற் மணத்தோடு தலை முழுகிய மணமும் வந்தது. வந்தால் வரட்டும், மச்சாளுக்குத்தானே.

அளவான அந்தச் சட்டியும் மச்சாளுடையதுதான். அவருடைய சட்டியிலேயே அவருக்கு ஆப்பு வைக்கிறேன் என்று எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். சட்டியின் அடிப்பாகத்தில் என்ன இருந்தது என்பதை அந்தச் சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

நாங்கள் சைவ சமயம் என்றாலும் நத்தாருக்குப் பலகாரம் கொடுக்காமல் இருப்பதில்லை. அந்த இனிப்புத் தட்டு நிறையப் பயற்றம் பணியாரம் அடுக்கி, கண்ணாடித்தாள் சுற்றி, நாடா கட்டினேன். அதோடு என் வீட்டில் கிடந்த அவருடைய சட்டி, கிண்ணம், மூடி எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் சீனி போட்டு, கணவரைத் தூக்கச் சொல்லி, மகளும் பின்னால் வர, கொண்டுபோனேன். மேசையில் பரப்பி வைத்தபோது ஒரு பாத்திரக்கடை மாதிரி இருந்தது.

"இந்தத் தட்டைத் திருப்பித் தர வேண்டாம் மச்சாள்," என்றேன், தேன் ஒழுகும் குரலில்.

மச்சாள் பாத்திரங்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அலுமாரிகள் நான் சாத்தியபடியே சாத்திக் கிடந்தன. கடைத்தூள் பெட்டியை முன்வரிசையில், கண்ணில் படும்படி வைத்தேன். "அக்காவைக் காணேல்லை," என்று கணவர் இரண்டு முறை சொன்னார். "குளிர்தானே," என்றேன். என் வீட்டில் நான் முதல்முறையாகக் காலை நீட்டி இருந்து தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவு நல்ல தேத்தண்ணியை அதற்கு முன் குடித்ததில்லை.

தை மாதம் ஒரு மத்தியானம் மணி அடித்தது. திறந்தால் மச்சாள். கால்மிதியில், சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். கையில் ஷொப்பிங் பை. அதற்குள்ளிருந்து என் இனிப்புத் தட்டை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். அவர் வீட்டில் தினமும் புட்டு அவிப்பார். அந்த ஆவியில் தட்டு பளபளப்புப் போய்ப் பிசினாகியிருந்தது. ஆனால் முழுத்தட்டு, ஒரு விளிம்புகூடக் குறையவில்லை. உள்ளே, கட்டிய பிளாஸ்டிக் பையில் அவர் வறுத்த மிளகாய்த்தூள்.

"திருப்பித் தர வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்," என்றேன். "அது தின்னிற தட்டு."

"தெரியும். உம்முடைய மகள் சொன்னவள். தூளை ஒதுக்கிப்போட்டுத் தட்டின்ரை அடியைப் பாரும்."

தூள்பையை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். தட்டின் உள்ளே அடியில், சின்னச் சின்னப் புள்ளிகளாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி, அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

"ஆரின்ரை பேர் கிடக்கு? என்ரை பேர். அப்ப அது என்ரை சாமான். என்ரை சாமானிலை உமக்குத் தூள் கொண்டந்திருக்கிறன். முடிஞ்ச உடனை தட்டைத் திருப்பித் தாரும். வெறுமையாத் தராதையும்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அத்தனை நாள் தேன் தடவிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"உங்களுக்கு உண்மையா விளங்கேல்லையோ மச்சாள்? இனிச் சட்டியும் வேண்டாம், தட்டும் வேண்டாம், ஒருத்தரும் வர வேண்டாம் எண்டுதான் அதைச் செய்தனான்!"

"விளங்காமலோ?" என்றார். மீன் விலை சொல்லும் அதே குரல், ஒரு சொட்டு ஈரம் இல்லை. "நீர் கொண்டந்து வைச்ச அண்டைக்கே விளங்கினது. திண்டு முடிச்சனெண்டால் நீர் கதவைச் சாத்திப்போடுவீர். அதுதான் தின்னேல்லை."

சொல்லிவிட்டு நின்றார். என்றைக்கும் கேட்காமல் நுழைகிற மனுசி, சப்பாத்தோடு கால்மிதியில் நின்றார். நான் ஆசைப்பட்டது இதைத்தான். அவர் வெளியே, நான் உள்ளே. காலால் ஒரு தள்ளுத் தள்ளினால் கதவு சாத்திவிடும். நான் வாங்கோ என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. தூள்பை சரிகிறதே என்று சற்று விலகினேன், அவ்வளவுதான்.

அவருக்கு அது போதும். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் இந்தக் கடைத்தூளே கிடக்கு?"

இரண்டு கையும் தட்டோடு பிசுபிசுவென்று ஒட்டியிருக்க, நான் திறந்த கதவடியிலேயே நின்று ஆத்திரத்தில் அழுதேன்.