இரைகிற ஒயர் விற்ற கதை

விற்ற சாமானைத் தேடிக்கொண்டு, விற்றவனே பஸ் ஏறிப் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்கு. பையில் ஒரு புது ஒயர்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டைவிட, பாட்டு வருகிற சாமான்கள் மீதுதான் பைத்தியம் என்பது என் மனைவியின் கட்சி. டேப் ரெக்கார்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்க ஒயர் வேண்டும் அல்லவா? கடையில் விற்கிற ஷீல்டு ஒயரில், நடுக் கம்பியைச் சுற்றி மெல்லிய கம்பி வலை ஒன்று இருக்கும். அக்கம்பக்கத்துக் கரண்ட் இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுக்கிற காவல்காரன் அது. அந்தக் காவல்காரன் பாட்டின் குரல்வளையையும் சேர்த்துப் பிடிக்கிறான் என்று எங்கள் பாட்டுக் கோஷ்டியில் ஒருவர் கொளுத்திப் போட்டார். விடுவேனா?

மோட்டார் காயில் கட்டுகிற கடையில் செம்புக் கம்பி வாங்கி, முறுக்கி, மேலே பருத்தி நூல் சுற்றி, நானே ஒரு ஜோடி ஒயர் செய்தேன். வலை கிலை கிடையாது. பாட்டு ஜம்மென்று வந்தது. கூடவே 'ம்ம்ம்...' என்று ஒரு இரைச்சலும் வந்தது. "இது பாட்டா, வண்டா?" என்றாள் மனைவி. எனக்கு அந்த வண்டு பழகிவிட்டது.

சமீபத்தில் வேறு செட் வாங்கினேன். அதற்கு அதன் ஒயரே வந்துவிட்டது. பழசை வீட்டில் வைத்திருந்தால் மனைவி அதைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டுவிடுவாள். விற்க வேண்டும் என்று ரேடியோ ரிப்பேர் கடையில் சொல்லி வைத்தேன்.

வந்தவர் பெயர் அங்கமுத்து. திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டோடு சேர்ந்து நாலைந்து விசைத்தறி போட்டிருக்கிறவர். ஒயரைக் கையில் வாங்கி, மாட்டின் வாலைத் தூக்கிப் பார்ப்பதுபோல இரண்டு முனையையும் பார்த்தார்.

"சுழி கிழி ஏதாச்சும் உண்டுங்களா?"

மாட்டுச் சந்தையில் கேட்கிற கேள்வி! விற்கிறவர் குறையை மறைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து மரியாதை. நானும் மறைக்கவில்லை. இரையும் என்று சொன்னேன்.

"இரைஞ்சா இரையட்டுங்க. சத்தமாப் பேசுனாச் சரி."

பேசினாலா? பாட்டுக்கு இல்லையா?

"பாட்டெல்லாம் ஆருங்க கேக்கறாங்க? பையன் ரிக்கு வண்டியில போர்க்கெணறு போட வடக்கே போயிருக்கறானுங்க. கேசட்ல பேசி, ஊருக்கு வாரவங்ககிட்டக் குடுத்து வுடறான். எங்கூட்டுக்காரிக்குத் தறிச் சத்தத்துல நின்னு நின்னே காது மந்தமாயிருச்சு. டேப்புல பேசறது கேக்கறதில்லீங்க. மைக் செட்டுக்காரர்கிட்ட ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பாக்ஸும் வாங்கியாந்துட்டேன். அவ காதுல பையன் பேச்சு வுழோணும். அவ்வளவுதாங்க."

விலையில் இரண்டு பேரும் மல்லுக்கட்டவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போய்ப் பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தறி ஓடுகிற வீடு. சுவர் முழுக்க மோட்டார் லைன். என் வீட்டில் வண்டாக இருந்தது அங்கே என்னவாக இருக்கும்? காது மந்தமான ஒரு தாய், எங்கோ இருக்கிற பிள்ளையின் குரலைக் கேட்க உட்காருகிறாள். நடுவில் என் கைவண்ணம் 'ம்ம்ம்' என்கிறது. ஒரு நல்ல ஷீல்டு ஒயரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரிப்பேர் கடையில் விலாசம் கேட்டுக் கிளம்பிவிட்டேன்.

"ஏனுங்க சார், இவ்வளவு தூரம்?" என்று பதறிப்போய் நாற்காலி போட்டார் அங்கமுத்து. அவர் மனைவி பாவாயி, காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில், "வாங்க சாமி!" என்றார். அன்று தறிக்கு லீவு; லைனில் கரண்ட் மட்டும் இருந்தது. கேசட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன்.

நான் பயந்தது சரிதான். இரைச்சல் என்றால் அப்படியொரு இரைச்சல்! அதற்குள்ளிருந்து ஒரு பையன், "அம்மா, நல்லா இருக்கறயா? நான் நல்லா இருக்கறேன்" என்று கத்திக்கொண்டிருந்தான். பாவாயி பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்து, காதையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"இருங்க, ஒரே நிமிஷம்" என்று பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புதுசை மாட்டினேன்.

இரைச்சல் பட்டென்று நின்றது. பையன் குரல் பளிச்சென்று வந்தது. அவனுக்குப் பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்ததுகூடக் கேட்டது. அங்கமுத்து வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார். நானும் மிதப்பாகப் பாவாயியைப் பார்த்தேன்.

அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"ஏஞ்சாமி... வண்டி நின்னுபோச்சே?"

எந்த வண்டி?

"பையன் வண்டிதான்! இத்தனை நாளும் அவன் பேசறப்ப ரிக்கு ஓடிட்டே இருக்குமே. இப்ப ஏன் நின்னுருச்சு? ரிப்பேரா? வேலையில்லாம அந்த ஊர்ல சோத்துக்கு என்ன பண்ணுவான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கமுத்து என் பக்கம் குனிந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பேச்சு முடிஞ்ச பொறகும் அணைக்க வுட மாட்டாளுங்க. சும்மா இரையறதை எதுக்கு இவ உக்காந்து கேக்கறாள்னு நெனைப்பேன். இப்பத்தானுங்க வெளங்குது."

அது ரிக் இல்லை, ஒயரின் குறை என்று கத்தி விளங்க வைத்திருக்கலாம். விஞ்ஞானம் என் பக்கம். அங்கமுத்து அதற்குத்தான் வாயைத் திறந்தார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

"பழசையே மாட்டிருங்க சார்."

மாட்டினேன். 'ம்ம்ம்...'

பாவாயியின் உள்ளங்கை திரும்பவும் பாக்ஸின் மேல் போயிற்று. "ஆ... ஓடுது" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்? பையன் பேசி முடித்தான். கேசட்டும் ஓடி நின்றது. நாங்கள் காபி குடித்து முடிக்கிற வரை ரிக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கமுத்து அதை அணைக்கவே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்தேன். இரைச்சலே இல்லாத சத்தம் வேண்டும் என்று எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறேன்! எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்!

எனக்கென்ன, இரைச்சல் வேண்டாம் என்று சொல்லலாம்... என் பிள்ளைகள் பக்கத்து அறையில்தான் தூங்குகிறார்கள்.