சம்பந்தி கேட்ட துப்பாக்கி

சிவகாசிச் சீமையில் வெடிக்காத பொருளுக்கு மதிப்புக் கிடையாது. எங்கள் பெரியப்பா சேர்த்து வைத்திருந்த ஐந்து துப்பாக்கிகளும் வெடிக்காது. எங்கள் ஊரான எம். புதுப்பட்டியைச் சுற்றி இருந்த கம்பெனிகளிலிருந்து பட்டாசு லோடு லோடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பருத்தி போட்டுப் பிழைக்கிற மனுஷர் இந்தப் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் பெரியப்பா கட்சி.

எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய பட்டாளத்துத் துப்பாக்கிகள். ஜமீன்கள் ஒழிந்து அரண்மனைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது மற்றவர்கள் அண்டாவும் ஊஞ்சலும் வாங்கினார்கள். பெரியப்பா இவற்றை வாங்கி, மாட்டுவண்டியில் வைக்கோலுக்குள் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். நெருப்பு இறங்குகிற துளையை ஈயத்தால் அடைத்து, இனி இவை சுடாது என்று தாலுகா ஆபீசில் எழுதியும் வாங்கியாயிற்று.

ஐந்தில் ஒன்று அவருக்கு உயிர். என்னைவிட உயரம். குழல் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். விசைக்கு மேலே இருந்த தகட்டில் கிழக்கிந்தியக் கும்பினியாருடைய குட்டிச் சிங்கம் ஒன்று பின்னங்காலில் நிற்கும். பெரியம்மா அந்தத் துப்பாக்கியை “எஞ் சக்களத்தி” என்பாள். ஆயுத பூஜையன்று அவள் சந்தனம் வைக்கும்போது பெரியப்பா பக்கத்திலேயே நின்று, தண்ணீர் படக் கூடாது, புளி கிட்டவே வரக் கூடாது, நிறம் போய்விடும் என்று வருஷம் தவறாமல் சொல்வார். அவளும் வருஷம் தவறாமல் முகத்தைச் சுளிப்பாள்.

அந்த வருஷம் அக்காவுக்குப் பரிசம் போட்டார்கள். பெரியப்பாவின் ஒரே மகள் அவள். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி. அவருக்கும் இதே கிறுக்கு உண்டு என்பது பரிசத்தன்றுதான் தெரிந்தது. தாம்பூலம் மாற்றிய கையோடு, சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிகளைப் பார்த்தவர் எழுந்துபோய்ச் சிங்கத்தைத் தடவினார்.

“எங்கிட்ட நாலு கெடக்கு. இந்தச் சிங்கம் போட்டது மட்டும் ஆம்புடலையே சம்பந்தி!”

பெண்ணைக் கொடுக்கிறவன் இல்லை என்று சொல்ல முடியுமா? “அதுக்கென்ன, எடுத்துக்கிடுங்க” என்றார் பெரியப்பா. பத்திரிகை அடித்ததும் காட்ட வருகிறேன், அன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சம்பந்தி சந்தோஷமாகப் போனார். அதிலிருந்து பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வேலைகளுக்கு நடுவில் அந்தச் சுவருக்கு எதிரே போய்ப் போய் உட்கார்ந்தார். பார்க்க எனக்கே அழுகை வந்தது.

சம்பந்தி வருகிற அன்று காலையில் பெரியப்பா தோட்டத்துக்குப் போனதும் பெரியம்மா என்னைப் புழக்கடைக்குக் கூப்பிட்டாள். துணி துவைக்கிற கல்லின் மேல் சிங்கத் துப்பாக்கி. பக்கத்தில் ஊறவைத்த புளி, செங்கல்பொடி, தேங்காய் நார்.

“பெரியப்பா புளி ஆகாதும்பாகளே?” என்றேன்.

“அது நம்ம வீட்டுல இருக்கையில தாயி. சம்பந்தி வீட்டுக்குப் போற பொருளு அழுக்கோட போனா, நம்ம வீட்டுப் பொம்பளைகளைத்தான் பேசுவாக.”

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் கை ஓயத் தேய்த்தோம். காப்பிக்கொட்டை நிறம் கலங்கல் தண்ணீராகச் சாக்கடையில் ஓடியது. குழல் புது எவர்சில்வர் மாதிரி மின்னியது. தகட்டைப் பெரியம்மா தானே வாங்கி அழுத்தித் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்ந்திருந்த சிங்கத்துக்குத் தலை போய், வால் மட்டும் மிஞ்சியது. எனக்கு ஒரே பெருமை.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்தார். பெரியப்பாவும் வந்து சேர்ந்து, பத்திரிகையைப் பார்த்து, காப்பி குடித்தாயிற்று. பெரியம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்துக்கு மேல் துப்பாக்கியைக் குறுக்காக வைத்து, பட்டுத்துண்டு போர்த்தி ஏந்திக்கொண்டு வந்தாள். சம்பந்தி ஆசையோடு துண்டை விலக்கினார். பெரியப்பா முகத்தில் ரத்தம் இல்லை. சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சிங்கத்தைத் தேடினார்.

“யாரு தேய்ச்சது?”

“நாந்தான்!” என்று முன்னால் போய் நின்றேன்.

“நாஞ் சொல்லித்தான்ணே தேய்ச்சா. உங்களுக்குக் குடுக்கறது சுத்தமா இருக்க வேண்டாமா?” என்றாள் பெரியம்மா.

சம்பந்தி, வால் மட்டும் மிஞ்சிய தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, “பிள்ளை ஆசையாத் தேய்ச்சிருக்கு. இங்கனயே இருக்கட்டும் சம்பந்தி” என்று தாம்பாளத்தை நகர்த்தினார்.

அவர் வேண்டாம் என்று சொல்லி முடித்த பிறகுதான் பெரியப்பாவுக்குக் கோபமே வந்தது. எழுந்து நின்று கத்தினார். “இருவது வருசமா இந்த வீட்டுல என்னத்தடி பாத்த? எதைத் தேய்க்கணும், எதைத் தேய்க்கப்பிடாதுன்னு தெரிய வேண்டாம்?” ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிற பெரியம்மா, அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில் சம்பந்தியே எழுந்து சமாதானம் பண்ணவேண்டியதாயிற்று.

அவர் போனதும் பெரியப்பா துப்பாக்கியை மடியில் போட்டு எண்ணெய் தடவினார். மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

“கறுக்க எம்புட்டு நாளாகும்?” என்று கேட்டாள் பெரியம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

“நாம ரெண்டு பேரும் கெழடாகறதுக்குள்ள கறுத்துரும்.”

நான் பெரியப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் வாங்கிவந்த காராச்சேவைக்கூடத் தொடவில்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பெரியம்மாவே வந்தாள். “அவுக வஞ்சா வஞ்சுட்டுப் போறாக. எனக்கு ஒண்ணும் வலிக்கல தாயி” என்றவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வைதவரும் வசவு வாங்கியவளும் ஒரே கட்சி என்று கண்டுபிடிக்க, எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகவேண்டியிருந்தது. அன்றைக்கோ, நாலு பேர் முன்னால் இவ்வளவு கேட்டும் கொஞ்சங்கூட ரோஷமில்லாமல் சிரிக்கிறாளே என்று பெரியம்மா மேலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.