மேய்லிங் அம்மாவை அழைத்த நாள்

கொதிக்கும் எண்ணெயில் இஞ்சியும் வெங்காயத்தாளும் விழுகிற மணம் சுவரைத் தாண்டி வந்து, பள்ளி விட்டு வந்த எங்கள் ஈரச் சப்பாத்துகளின் மணத்தோடும் அம்மா தாளித்த பருப்பின் மணத்தோடும் கலந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையை ஒட்டிய மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கடையை நடத்திய கணவனும் மனைவியும் ஹாங்காங்கின் வடக்கே, வயல்கள் சூழ்ந்த ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். அந்த அம்மாளை நாங்கள், தெரிந்த பெண்களை ஆங்கிலத்தில் அழைப்பதுபோல, 'அன்ரி' என்போம்.

எனக்குப் பத்து வயதான கோடையில் அவர்களுடைய மகள் மேய்லிங் வந்து சேர்ந்தாள். லண்டனில் பிறந்தவள்தான். ஆனால் தவழத் தொடங்கியதும், எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற இடத்தில் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல், கிராமத்திலிருந்த அவளுடைய அத்தையிடம் அனுப்பிவிட்டார்கள். கடை கொஞ்சம் நிமிரட்டும், அடுத்த வருடம் கூப்பிடலாம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கு என் வயதாகிவிட்டது. அவர்கள் மொழியில் அம்மாவுக்கு 'மா'; அவளுக்கு 'மா' என்றால் அத்தைதான். விமான நிலையத்தில் தன்னைக் கட்டிப்பிடித்து அழுத பெண்ணை என்னவென்று அழைப்பதென்று தெரியாமல் இருந்தவள், எங்களைக் கேட்டுக் கேட்டுத் தானும் 'அன்ரி' என்றே அழைக்கத் தொடங்கினாள்.

"பெத்த தாயை அன்ரி எண்டுறாள். அந்த மனுசி என்னெண்டு தாங்குறா?" என்று அம்மா பொருமுவார்.

"பிள்ளையிலை பிழையில்லை. அதுக்கு அவவை ஆரெண்டு தெரியும்?" என்பார் அப்பா.

அன்ரியோ மகளை விருந்தாளியைப் போல நடத்தினார். நல்ல இறாலெல்லாம் அவள் கோப்பைக்குத்தான் போகும். ஒரு நாளும் அதட்டியதில்லை. மேய்லிங் எங்கள் வீட்டிலேயே கிடந்தாள். பசித்தாலும் சீப்பைக் காணாவிட்டாலும் நாங்கள் "அம்மா!" என்று கத்துவதைப் பார்த்துச் சிரிப்பாள். அத்தையிடமே போகிறேன் என்று அவள் பிடிவாதமாக நிற்க, கோடை முடிய அனுப்பிவிடுவதாக அவளுடைய அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

கடை பூட்டியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பின்சந்தில் மேய்லிங் சைக்கிள் ஓட்டுவதை அன்ரி பார்த்துக்கொண்டு நின்றார். தன் வீட்டில் அண்ணன்மாருக்கு மட்டுந்தான் சைக்கிள் கிடைத்தது என்று வெட்கத்தோடு சொன்னார். மேய்லிங் குதித்து இறங்கி, ஏறு என்று சைகை காட்டி ஆசனத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்ரி ஏறினார், சரிந்தார், சிரித்தார், மறுபடி ஏறினார்.

"ஐயோ, வடிவாப் பிடி பிள்ளை! விழப் போறா!" என்று ஈரக்கையோடு அம்மா படியில் நின்று கத்தினார்.

அப்போதுதான் ஆசனம் கைநழுவியது. சரிவில் சைக்கிள் பஸ் ஓடுகிற பெருந்தெருவை நோக்கி விரைந்தது. பின்னால் ஓடிய மேய்லிங்கின் வாயில் 'அன்ரி' வரவில்லை.

"அம்மா! அம்மா!"

சுத்தமான தமிழில், எங்களைப் போலவே கத்தினாள். "ஓம்!" என்று எங்கள் அம்மா பழக்கதோஷத்தில் குரல் கொடுக்க, அன்ரியும் திரும்பிப் பார்க்க, சைக்கிள் வளைந்து கடையின் வெற்று அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் புகுந்தது. பெட்டிகளுக்குள்ளிருந்து அன்ரியின் சிரிப்புத்தான் முதலில் வந்தது. மேய்லிங் அவரை இழுத்தெடுத்து அழுதுகொண்டே திட்டினாள். அன்ரியும் முதன்முறையாக மகளைத் திருப்பித் திட்டினார்.

"இனிப் பயமில்லை, சண்டை பிடிக்குதுகள்" என்றபடி அம்மா உள்ளே போனார்.

ஏன் தமிழில் கூப்பிட்டாய் என்று நான் பிறகு கேட்டேன். 'மா' அத்தையுடையது, அதைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, இந்தச் சொல் சும்மாதானே கிடந்தது என்றாள். அவள் திரும்பிப் போகவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அத்தையை 'மா' என்று அழைப்பதையும் விடவில்லை.

இன்று அந்தக் கடை கைபேசி திருத்தும் இடமாகிவிட்டது; பின்சந்துக்கு இரும்புக் கதவு போட்டாயிற்று. திரும்பிப் போய் இருக்கலாமென்று அன்ரியும் கணவரும் கிராமத்தில் கட்டிய மாடி வீடு பூட்டிக் கிடக்கிறதாம். சில வருடங்களுக்கு முன், கைக்குழந்தையோடு இருந்த மேய்லிங்குக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்தபோது, தாயும் தகப்பனுமே, குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போ, காலூன்றிய பிறகு கூட்டிக்கொள் என்று சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு பெரிய வான் வண்டியைக் கொண்டுவந்து, தொட்டிலோடு அவர்கள் இருவருடைய கட்டில்களையும் ஏற்றினாள். அன்ரி பேரக்குழந்தையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வாசலில் நின்று கையசைத்தவர்கள் நாங்கள் மட்டுந்தான்.