எப்போ எடுக்கிறீங்க?

சாவைப் பற்றி ஜெபர்சன் ஓர் ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. ஒரகடத்துக் கம்பெனி வேலையை விட்டதே அதற்காகத்தான். படம் எப்போது முடியும் என்று கேட்பதைக்கூட மனைவி ஷாலின் நிறுத்திவிட்டாள்.

படத்தின் நாயகர் வடக்குப்பட்டு கோதண்டராமன். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஐஸ் பெட்டியும் சாவு வண்டியும் அனுப்புகிறவர். அவர் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஜெபர்சனுக்கு உயிர் போய்விடும்.

அன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு சாவு வீடு. வாசலில் நின்ற வண்டியோரம் கேமராவை வைத்துவிட்டு, “அண்ணே, செத்தப்புறம் ஆத்மா எங்க போவுது?” என்று கேட்டான்.

“அது எங்கனா போவட்டும். பாடி மூணு மணிக்குள்ள போவணும். அப்பால கம்பெனி ஷிஃப்ட் பஸ்ஸுங்க வந்து ரோட்டை அடைச்சுக்கும்.”

ஜெபர்சன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து, மாலையும் கையுமாக வந்த ஒருவர் அவனைக் கோதண்டராமனின் ஆள் என்று நினைத்து, “எப்போப்பா எடுக்கிறீங்க?” என்றார்.

ஜெபர்சனுக்குச் சுர்ரென்று ஏறியது. “நாலு வருஷமா எடுத்துகினேதான் கீறேன்! இப்போ இன்னான்ற?”

மாலைக்காரர் இரண்டடி பின்வாங்கி, வீட்டுக்குள் இருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

கோதண்டராமன் நிதானமாக அவர் தோளில் கை போட்டார். “பயப்படாத அண்ணாத்த. உள்ள கீறவரை டான்னு மூணு மணிக்கு எடுத்துருவோம். நாலு வருஷமா எடுக்காம கெடக்கறது இவனோட படம்.”