வாசலில் நின்ற ஸ்கூட்டர்

முருகானந்தத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் சுரக்குடியில் மாரிக்கண்ணு என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது. வேனை விட்டு இறங்கும்போதே அவனுடைய பெரியம்மா காசியம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“பொண்ணு பேரு மாரிக்கண்ணு. வரிச்சிக்குடியில நம்ம குஞ்சம்மா இருக்கால்ல, அவ ஓரகத்தி மவ. சைக்கிளுகூட ஓட்டத் தெரியாதாம். நல்லதாப் போச்சு, வீட்டோட கெடப்பா!”

தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த மாரிக்கண்ணுவின் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

கல்யாணத்துக்குப் பிற்பாடு முருகானந்தம் ஸ்கூட்டர் வாங்கினான். “வா புள்ள, கத்துக்க. ஒரு அவசரம்னா ஆவும்ல” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டான். “எனக்கு எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்கள்ல” என்று அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. களத்திலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவன் வாசற்படியில் சாய்ந்தான். ஊர் ஆட்டோவெல்லாம் திருநள்ளாற்றுக் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தன. ஆண்பிள்ளைகள் தூரத்து வயலில். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. வாசலில் ஸ்கூட்டர் நின்றது, சாவியோடு. மாரிக்கண்ணு அதன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அலறினாளே தவிர, கிளப்பத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது முருகானந்தம் இல்லை.

காரியம் முடிந்த மறுநாளே அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். கற்றுக்கொள்ளவா? தன்னைத் தானே அடித்துக்கொள்ள. உச்சி வெயிலில், ஆளில்லாத வாய்க்கால் கரையில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், செருப்பும் போடாமல் ஓட்டுவாள். விழுவாள். “அன்னைக்கு ஆவாத சிறுக்கி, இன்னைக்கு ஓட்டுடி!” என்று தன்னையே வைதுகொண்டு மறுபடி ஏறுவாள். ஒரு நாள் வண்டி வலப்பக்கம் சாய்ந்து, கொதிக்கிற சைலன்சர் கெண்டைக்காலில் அழுந்தியது. நமக்கு வேண்டியதுதான் என்று புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பத்தே நாளில் சீழ் பிடித்தது. காய்ச்சலோடு மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடந்தவளைக் காசியம்மாதான் கண்டு, ஊருக்கு வந்திருந்த நர்ஸ் சஜிதாவை அழைத்து வந்தாள். சஜிதா திருமலைராயன்பட்டினத்துப் பெண். வாயும் கையும் சுறுசுறுப்பு.

“என்னக்கா இது? இதே புண்ணு உங்க மாட்டுக்கு வந்திருந்தா எத்தினி நாளு விட்டு வச்சிருப்பீங்க?”

“ஏன் விடுறேன்? அன்னைக்கே மருந்து போட்டிருப்பேன்.”

“அப்ப மாட்டு மேல உள்ள எரக்கம் உங்க மேல இல்ல.”

மாரிக்கண்ணு கூரையைப் பார்த்தபடி கேட்டாள். “எனக்கு ஓட்டத் தெரிஞ்சிருந்தா அவரு பொழச்சிருப்பாரா? பொய் சொல்லாதம்மா.”

சஜிதா பஞ்சைக் கீழே வைத்தாள். “தெரியலக்கா. பொழச்சிருக்கலாம். கூட்டத்துல நீங்களும் மாட்டியிருக்கலாம். அல்லாவுக்குத்தான் தெரியும்.”

உன் மேல் தப்பில்லை என்று ஊரே சொன்னபோது அவள் நம்பவில்லை. இதை நம்பினாள். வாய்விட்டு அழுதாள். காசியம்மா அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஓட்டத் தெரியாதது நல்லதாப் போச்சுன்னு சிரிச்சவ நான்தாண்டி. வையிறதுன்னா என்னையும் சேத்து வையி.”

புண் ஆற நாற்பது நாளாயிற்று. அதுவரை ஸ்கூட்டர் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், சாப்பிட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு எடுத்தாள். அன்றும் விழுந்தாள். “சரி, பரவால்ல, எந்திரி” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மாட்டிடம் பேசுகிற அதே குரல். ஆனாலும் அந்த அலறல் இன்னமும் சில நாள் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

மாரிக்கண்ணு இப்போது சுரக்குடியில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்கூட்டரில் திருநள்ளாறு வரை போய் மாட்டுக்குத் தவிடு வாங்கி வருகிறாள். சனிக்கிழமை மட்டும் அதைத் தொடுவதில்லை.